மொத்தம் எத்தனை பங்கு?

தருமபுரியில் ஷேர் ஆபீஸ் வைத்திருப்பவனிடம் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி இன்றைக்கும் மாறவில்லை. "இருபது, முப்பது ரூபாய்க்குள்ள நல்ல சாஃப்ட்வேர் ஷேர் ஏதாவது இருக்குதுங்களா?" புளி மண்டிக்காரரும் ரிட்டயரான வாத்தியாரும் இதைத்தான் கேட்கிறார்கள். பெங்களூரில் அதே சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போதும் இதையே கேட்கிறார்கள். அவர்கள் கணக்கில் 2025-இல் 1,500 ரூபாய்க்கு விற்ற இன்ஃபோசிஸ் கிராக்கி, 18 ரூபாய்க்குக் கிடைக்கும் பெயர் தெரியாத கம்பெனி மலிவு.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் கம்பெனியில் மொத்தம் எத்தனை பங்கு?"

இதற்குப் பதில் தெரிந்து வருபவர் அபூர்வம். 2025 மார்ச் கணக்குப்படி இன்ஃபோசிஸுக்குச் சுமார் 415 கோடிப் பங்குகள். அந்த ஆண்டு நிகர லாபம் சுமார் 26,700 கோடி ரூபாய். லாபத்தைப் பங்குகளால் வகுத்தால் ஒரு பங்குக்கு 64 ரூபாய் சொச்சம் வரும். 1,500 ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஏறக்குறைய 23 வருட லாபத்தை விலையாகக் கொடுத்தார். இப்போது அந்த 18 ரூபாய் கம்பெனிக்கு 300 கோடிப் பங்கு, வருட லாபம் 5 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பங்குக்கு இரண்டு பைசாகூடத் தேறாது. மொத்தக் கம்பெனிக்கும் சந்தை போட்டிருக்கும் விலை 5,400 கோடி. ஆயிரம் வருட லாபத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிறோம். எது கிராக்கி, எது மலிவு என்று பேப்பரில் போட்டுக் காட்டினால் சிலர் சிரிப்பார்கள், சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். போனவர்கள் வேறு எங்கோ அந்த 18 ரூபாய் ஷேரை வாங்கிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சேலத்தில் ஒரு புரோக்கர் ஆபீஸில் குமாஸ்தாவாக. அப்போது ஷேர் என்பது கையில் பிடிக்கிற காகிதம். விற்கிறவர் டிரான்ஸ்ஃபர் டீடில் கையெழுத்துப் போட வேண்டும், பின்பக்கம் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், சர்டிஃபிகேட்டோடு ரிஜிஸ்டர்டு தபாலில் அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டவர் விற்கும்போது மறந்துபோய் இங்கிலீஷில் போட்டுவிடுவார். ஒன்றரை மாதம் கழித்து 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்ற சீட்டோடு அத்தனையும் திரும்பி வரும். அதற்குள் விலை எங்கோ போயிருக்கும். தருமபுரி, அரூர், பாலக்கோடு பக்கத்து ஆட்கள் பஸ் பிடித்துச் சேலம் வந்துதான் ஷேர் வாங்க வேண்டியிருந்தது. விலை அடுத்த நாள் பேப்பரில் வரும்.

1992 மே மாதம் வரை ஒரு கம்பெனி தன் பங்கை என்ன விலைக்கு விற்கலாம் என்பதை டில்லியில் ஓர் அரசு அதிகாரி தீர்மானித்தார். அந்தப் பதவி அந்த ஆண்டு ஒழிக்கப்பட்டது. கம்பெனிகளே பிரீமியம் வைக்கலாம் என்றானது. அதே ஆண்டுதான் ஷேர் புரோக்கர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி விவகாரம் வெடித்து, சந்தை சரிந்து, ஷேர் என்றாலே ஜனங்கள் பயந்துபோயிருந்தார்கள். அந்த நேரத்தில், 1993 பிப்ரவரியில், இன்ஃபோசிஸ் வெளியீடு வந்தது. 10 ரூபாய் பங்கு, 85 ரூபாய் பிரீமியம் சேர்த்து 95 ரூபாய். ஆபீஸில் அந்த விண்ணப்ப ஃபாரம் கட்டுக் கட்டாகக் கிடந்தது. "பத்து ரூபாய் ஷேருக்குத் தொண்ணூத்தஞ்சா?" என்று கேட்டு வைத்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். வெளியீடு முழுதாக நிரம்பவில்லை. மோர்கன் ஸ்டான்லி பங்குகளை எடுத்துக்கொண்டு கரையேற்றியது. ஜூன் மாதம் பட்டியலானபோது விலை 145.

அன்றைக்கு 9,500 ரூபாய் போட்டு 100 பங்கு வாங்கி, இன்றுவரை விற்காதவரிடம் 1,02,400 பங்குகள் இருக்கும். 1994, 1997, 1999 ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று போனஸ். 2000-இல் 10 ரூபாய் முகமதிப்பு இரண்டு 5 ரூபாய்ப் பங்குகளாகப் பிரிந்தது. 2004-இல் ஒன்றுக்கு மூன்று. 2006, 2014, 2015, 2018 ஆண்டுகளில் மறுபடி ஒன்றுக்கு ஒன்று. வாடிக்கையாளர்கள் இதைக் கேட்டதும் போனஸ்தான் பணத்தைப் பெருக்கியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெருக்கியது லாபம். காரிமங்கலத்தில் நாலு ஏக்கர் மாந்தோப்பை இரண்டாகப் பிரித்தாலும் எட்டாகப் பிரித்தாலும் அந்த வருடம் காய்ப்பது அதே காய்தான். 2000-இல் சுமார் 6.6 கோடியாக இருந்த இன்ஃபோசிஸ் பங்குகள் 2018 போனஸுக்குப் பிறகு 436 கோடியைத் தாண்டின. லாபமும் கூடவே வளராமல் போயிருந்தால் அந்த ஒரு லட்சம் பங்கும் வெறும் எண்ணிக்கையாகவே நின்றிருக்கும். வருடா வருடம் போனஸ் கொடுத்து, பிறகு இருந்த இடம் தெரியாமல் போன கம்பெனிகளின் சர்டிஃபிகேட்டுகள் என் பீரோவில் இன்னும் இருக்கின்றன.

2018 செப்டம்பரில் போனஸ் கழித்து இன்ஃபோசிஸ் வர்த்தகமான காலையில் என் போன் ஓயவே இல்லை. முந்தின நாள் 1,400-க்கு மேல் இருந்த விலை, காலையில் பாதி. மொபைல் ஆப்பில் சிவப்பு எழுத்தில் ஐம்பது சதவீத நஷ்டம் என்று காட்டுகிறது. போனஸ் பங்கு டீமேட் என்ற மின்னணுக் கணக்கில் வந்து சேர அப்போதெல்லாம் சில நாள் ஆகும். அதுவரை ஆப் பழைய எண்ணிக்கையைப் புது விலையால் பெருக்கிக் காட்டிக்கொண்டிருக்கும். பென்னாகரத்து அம்மா ஒருவர் அழுதேவிட்டார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பங்கு. "அம்மா, நாலு நாள் பொறுங்க, எண்ணிக்கை ரெண்டு மடங்கா வரும், விற்காதீங்க" என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். அன்றைக்குப் பயந்துபோய் விற்கப் பார்த்தவர்கள் எல்லோருமே விலையை மட்டும் பார்த்தவர்கள்.

பங்கு எண்ணிக்கையை யாரும் எண்ணிப் பார்க்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சென்னையிலேயே உதாரணம் உண்டு. 1999, 2000 ஆண்டுகளில் சாஃப்ட்வேர் என்று பெயரில் இருந்தாலே விலை ஏறியது. சென்னைக் கம்பெனிகளான டி.எஸ்.க்யூ. சாஃப்ட்வேர், பென்டாமீடியா கிராஃபிக்ஸ், எஸ்.எஸ்.ஐ. மூன்றும் மும்பை புரோக்கர் கேதன் பரேக் கை வைத்த 'கே-10' பங்குகளின் பட்டியலில் இருந்தன. தருமபுரியில் எனக்குச் சொந்த ஆபீஸ் வந்திருந்த சமயம். கம்ப்யூட்டர் வந்தாகிவிட்டது, திரையில் விலை ஓடும். டீக்கடையில்கூட பென்டாமீடியா பேச்சு. 2001 மார்ச்சில் எல்லாம் சரிந்தது, பரேக் கைதானார்.

பிறகுதான் டி.எஸ்.க்யூ. விவகாரம் வெளியே வந்தது. பட்டியலிடப்படாத 1.30 கோடிப் பங்குகளை டீமேட் ஆக்கிச் சந்தையில் இறக்கி விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. சுமார் 595 கோடி ரூபாய் ஆதாயம் பார்த்ததாக சி.பி.ஐ. வழக்கு. 2007-இல் ஜாமீன் தொடர்பாக உச்ச நீதிமன்றம் வரை போனது. கம்பெனியின் அப்போதைய தலைவரைச் சந்தைக்கு வரக்கூடாது என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தடை செய்தது.

நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திரையில் விலை ஓடுவதைப் பார்த்தவர் ஆயிரம் பேர். கம்பெனி சொல்லும் பங்கு எண்ணிக்கையும், எக்ஸ்சேஞ்சில் பட்டியலான எண்ணிக்கையும், மின்னணுப் பங்குகளை வைத்திருக்கும் டெபாசிட்டரியில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்த்தவர் யாருமில்லை. 2002 டிசம்பர் கடைசியில் செபி சுற்றறிக்கை போட்டது. ஒவ்வொரு காலாண்டும் இந்த எண்ணிக்கைகளைத் தகுதி பெற்ற கணக்காயரோ கம்பெனி செயலரோ சரிபார்த்து அறிக்கை தர வேண்டும். இன்றும் அந்த அறிக்கை எக்ஸ்சேஞ்ச் தளத்தில் ஒவ்வொரு கம்பெனியின் பெயருக்குக் கீழும் இருக்கிறது. இரண்டு பக்கம்தான். சின்ன கம்பெனி எதை யார் வாங்கச் சொன்னாலும் முதலில் நான் திறப்பது அதைத்தான்.

அடுத்தது சாஃப்ட்வேர் கம்பெனியான சத்யம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2009 ஜனவரி 7, புதன்கிழமை. காலை பத்தே முக்கால், பதினொன்று இருக்கும். ஆபீஸில் நாலைந்து பேர். சத்யம் 179 ரூபாயில் இருந்து விழ ஆரம்பித்தது. நூறு, எண்பது, அறுபது. யாருக்கும் காரணம் புரியவில்லை. கணக்கே பொய் என்று ஒப்புக்கொண்ட சத்யம் தலைவர் ராமலிங்க ராஜுவின் கடிதம் டி.வி.யில் ஓட ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது. சாயந்திரம் முடியும்போது 40 ரூபாய்க்குப் பக்கத்தில். எங்கள் வாத்தியார்களுக்கு ரொம்பப் பிடித்த பங்கு அது. இன்ஃபோசிஸைவிட விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கியவர்கள் பாதிப் பேர்.

அந்தக் கடிதத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். புதிதாக ஆபீஸில் சேரும் பையன்களுக்குப் பாடமே அதுதான். 2008 செப்டம்பர் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி என்று காட்டியிருந்தது. அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது. வராத வட்டி 376 கோடி வரவாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலாண்டின் வருமானம் 2,700 கோடி என்று காட்டப்பட்டது, நிஜம் 2,112 கோடி. செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று காட்டப்பட்டது, நிஜம் 61 கோடி. அதாவது 24 சதவீதம் என்று சொன்ன லாப விகிதம் உண்மையில் 3 சதவீதம்.

பொய்க் கணக்கை வெளியே இருந்து நம்மைப் போன்றவர்கள் கண்டுபிடிக்க முடியாது என்று பலர் சொல்வார்கள். ரொக்கம் பொய் என்பதைக் கண்டுபிடிக்க முடியாதுதான். ஆனால் பொய் சொல்ல முடியாத இடம் ஒன்று இருந்தது. காலாண்டுதோறும் வந்த பங்குதாரர் பட்டியல். 2001-இல் மொத்தப் பங்குகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்த புரோமோட்டர் குடும்பம், 2008-இல் 9 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. பணம் குவிந்து கிடப்பதாகச் சொல்லும் கம்பெனியின் முதலாளி, வருடா வருடம் தன் பங்கைக் குறைத்துக்கொண்டே வந்தார். மிச்சம் இருந்ததும் கடனுக்கு அடமானம். 2008 டிசம்பர் 16-இல் குடும்பத்தின் இரண்டு மேடாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்து, பங்குதாரர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் பின்வாங்கினார்கள். அந்த வாரமே என்னிடம் கேட்டவர்களை விற்று வெளியேறச் சொன்னேன். கேட்டவர் சிலர், கேட்காதவர் பலர். அடமான விவரத்தைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி விதி கொண்டுவந்தது அந்த ஜனவரியில்தான்.

விற்காமல் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா பங்குக்கு 58 ரூபாய் கொடுத்துச் சத்யத்தை எடுத்துக்கொண்டது. 2013 இணைப்பில் 17 சத்யம் பங்குக்கு 2 டெக் மஹிந்திரா பங்கு. 170 பங்கு வைத்திருந்தவருக்கு 20 கிடைத்தது. "நூத்தி எழுபது போயி இருபதா?" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. இங்கேயும் எண்ணிக்கைதான் கண்ணை மறைத்தது. 2015-இல் டெக் மஹிந்திரா ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்து, முகமதிப்பையும் பாதியாகப் பிரித்தது. அந்த 20 பங்கு 80 ஆனது.

போனஸில் எண்ணிக்கை கூடும், கம்பெனியே தன் பங்கைத் திரும்ப வாங்கும் பைபேக்கில் குறையும். 2017 ஆகஸ்டில் தலைமை நிர்வாகி விஷால் சிக்கா ராஜினாமா செய்த மறுநாளே இன்ஃபோசிஸ் தன் முதல் பைபேக்கை அறிவித்தது. 13,000 கோடி ரூபாய், 11.3 கோடிப் பங்குகள், விலை 1,150. சந்தை விலை அதைவிடக் கணிசமாகக் குறைவு. சிறு முதலீட்டாளர்களுக்கு என்று 15 சதவீதம் ஒதுக்கீடு உண்டு, பதிவு நாளில் 2 லட்சம் ரூபாய்க்குள் பங்கு வைத்திருந்தால் போதும். அந்த ஃபாரத்தை நிரப்பிக் கொடுக்கவே ஆபீஸில் வரிசை நின்றது. விற்றவர்களுக்கு உடனே லாபம். விற்காதவர்களுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. 229.7 கோடிப் பங்காக இருந்தது 218.4 கோடியாகக் குறைந்தது. 16,000 கோடி லாபத்தைப் பழைய எண்ணிக்கையால் வகுத்தால் பங்குக்கு 70 ரூபாய் வராது, புதிய எண்ணிக்கையால் வகுத்தால் 73 ரூபாய். கம்பெனி கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காமலே பங்குக்கான லாபம் (இ.பி.எஸ்.) ஏறிவிடுகிறது. அதனால்தான் இ.பி.எஸ். வளர்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், லாபம் வளர்ந்ததா, பங்கு குறைந்ததா என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். டி.சி.எஸ்.ஸும் 2017 முதல் 2023 வரை ஐந்து பைபேக் செய்தது. 2025-இல் இன்ஃபோசிஸ் 1,800 ரூபாய் விலையில் 18,000 கோடிக்கு அறிவித்தபோது புரோமோட்டர்கள் தங்கள் பங்கைக் கொடுக்கவில்லை. அதுவும் கவனிக்க வேண்டிய தகவல்தான்.

அந்த 2017-18 ஆண்டிலேயே இன்னொன்றும் நடந்தது. டிசம்பர் காலாண்டில் இன்ஃபோசிஸ் லாபம் 5,129 கோடி என்று வந்ததும் எல்லோரும் துள்ளினார்கள். அதில் 1,432 கோடி, அமெரிக்க வரித்துறையோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தால் பழைய வரி ஒதுக்கீடு திரும்பி வந்தது. அடுத்த காலாண்டில் அது வராது. ரிசல்ட்டில் மேலே இருக்கும் பெரிய எண்ணுக்குக் கீழே, சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படித்தவருக்குத்தான் இது தெரிந்தது.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மில்லும் இல்லை, சரக்கும் இல்லை. ஆள்தான் எந்திரம். ஆகவே லாபத்துக்கு அடுத்து நான் பார்ப்பது ஆள் கணக்கு. எத்தனை பேர், எத்தனை பேர் விட்டுப் போனார்கள், வேலையில் இருப்பவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குக் கையில் புராஜெக்ட் இருக்கிறது. 2023 மார்ச்சில் 3.43 லட்சமாக இருந்த இன்ஃபோசிஸ் ஊழியர் எண்ணிக்கை, 2024 மார்ச்சில் 3.17 லட்சம். அந்தச் சமயத்தில் துறை முழுக்கவே ஆள் எடுப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. கையில் ஆஃபர் லெட்டரோடு அழைப்புக்காகக் காத்திருந்த பையன்களின் அப்பாக்கள் ஆபீஸில் வந்து உட்கார்ந்து, "என்னங்க நடக்குது?" என்று கேட்டார்கள். காலாண்டு அறிக்கையைத் திறந்து ஆள் எண்ணிக்கை வரிசையாகக் குறைந்து வருவதைக் காட்டினேன். அவர்களுக்கு அது பங்குச் சந்தைத் தகவலே இல்லை, வீட்டுக் கவலை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பெங்களூர் பஸ் ஏறி, ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்குகிற பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் உண்டு.

இன்னொரு பழக்கம்: லாபத்துக்குப் பக்கத்திலேயே ரொக்க வரவை வைத்துப் பார்ப்பது. லாபம் ஏறிக்கொண்டே போகிறது, வாடிக்கையாளரிடம் இருந்து வர வேண்டிய பாக்கியும் அதைவிட வேகமாக ஏறுகிறது, வங்கிக்கு மட்டும் பணம் வரவில்லை என்றால் அந்தக் கம்பெனி பக்கமே போக வேண்டாம் என்பேன். மண்டி வியாபாரிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பில் போட்டதும் பணம் வந்ததாகாது என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது புதுக் கேள்விகள் வருகின்றன. 2021 செப்டம்பரில் சென்னையில் பிறந்த ஃபிரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலானது. வெளியீட்டு விலை 36 டாலர், முதல் நாள் முடிவில் 47.55. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று செய்தி. அதற்குப் பிறகு, சம்பளத்தோடு பங்கு கொடுக்கும் கம்பெனிகளில் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடமும் நான் கேட்பது மொத்தம் எத்தனை பங்கு என்பதைத்தான். ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கக் கொடுக்க மொத்த எண்ணிக்கை ஏறும், உங்கள் பிள்ளை கையில் இருப்பதன் விகிதம் குறையும். எல்லாப் பங்குக்கும் ஒரே ஓட்டு என்றும் கிடையாது. ஃபிரெஷ்வொர்க்ஸ் பட்டியலானபோது அதில் ஒரு வகைப் பங்குக்கு ஓர் ஓட்டு, நிறுவனர்களும் ஆரம்ப முதலீட்டாளர்களும் வைத்திருந்த இன்னொரு வகைக்குப் பத்து ஓட்டு. 2021 முடிவதற்குள்ளேயே அதன் விலை 36 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. ஊழியர் கையில் வரும் நாளில் அந்தப் பங்கின் மதிப்புக்குச் சம்பளம் போல வரி உண்டு, விலை பிறகு விழுந்தாலும் கட்டிய வரி கட்டியதுதான். வெளிநாட்டுப் பங்கை வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டவும் வேண்டும். ஜோஹோ பங்கு வாங்க முடியுமா என்றும் வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். அது பட்டியலாகாத கம்பெனி. வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

கடைசியாக ஒரு விஷயம். நான் சொன்ன இந்த மொத்தப் பங்குக் கணக்கில், இறந்துபோன அப்பாவின் பெயரில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் காகிதப் பங்கும் சேர்த்திதான். அதற்கும் போனஸ் வந்திருக்கும், டிவிடெண்டும் வந்திருக்கும். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டால், டிவிடெண்டோடு பங்கும் ஐ.இ.பி.எஃப். என்ற மத்திய அரசு நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசு கேட்டு வாங்கலாம். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை அப்படியே விற்க முடியாது, டீமேட் ஆக்க வேண்டும். பெட்டியைத் திறந்து சர்டிஃபிகேட்டில் இருக்கும் ஃபோலியோ எண்ணை எடுத்துக்கொண்டு, கம்பெனியின் ரிஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். வாரிசுச் சான்றும் பான் கார்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நிதிக்குப் போன பங்கை மீட்கும் ஐ.இ.பி.எஃப்.-5 விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது.